இடது பின்சக்கரம்

குளச்சல் ஐஸ் கம்பெனி ஷெட்டில்
பதினொரு வருஷம் நின்ற லேண்ட்மாஸ்டர்.
கடனுக்கு ஈடாக யாரோ விட்டுப்போனது.
மேலே கடல்காற்று, கீழே உப்புத்தண்ணி,
நடுவில் இந்தச் சவம்.

மூன்று சக்கரம் வழிக்கு வந்தது.
வலது பின்பக்கத்து டிரம்
நாலு தட்டில் கழன்று
பூனைக்குட்டி மாதிரி மடியில் உட்கார்ந்தது.
இடதுதான் மாட்டேன் என்றது.

ஸ்க்ரூ இரண்டும் தலை மழுங்கியவை.
உளிவைத்து ஓரத்தில் கொத்த
ஒன்று வந்தது, ஒன்று ஒடிந்தது,
ஒடிந்ததைத் துளைபோட்டு எடுத்தேன்.
மண்ணெண்ணெயில் கியர் ஆயில் கலந்து
நடுவிளிம்பைச் சுற்றி ஊற்றிவிட்டு
முக்கில் போய்க் கட்டன் சாயா குடித்தேன்.
வந்து தட்டினேன்.
இன்னும் ஊற்றினேன்.
ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று
தக்கலைக்குக் கடைசி பஸ் பிடித்தேன்.

முதல் நாளே கேட்டதுதான்:
ஹேண்ட்பிரேக் போட்டு விட்டீங்களா?
மரிய புளோரா
மீன்காரர்களின் பற்றுநோட்டிலிருந்து தலை தூக்கவில்லை.
"எனக்க கையால எறக்கி விட்டேன்.
சக்கரத்துக்குக் கல்லு வச்சேன்.
நல்லா ஓர்மையிருக்கு."

லிவரும் கீழேதான் கிடந்தது.
இருந்தாலும் நம்பவில்லை.
இனிப்பே தொடுவதில்லை என்று
சர்க்கரை நோயாளி டாக்டரிடம் சொல்வதும்
வண்டிக்காரர்கள் என்னிடம் சொல்வதும் ஒன்று.

இரண்டாம் நாள் அட்ஜஸ்டரைத் தளர்த்தினேன்.
தேய்ந்து தேய்ந்து டிரம்முக்குள் வரப்பு விழுந்திருக்கும்,
ஷூ அந்த வரப்பில் கொளுவி நிற்கும்,
அதுதான் காரணம் என்று ஷிபுவிடம் அடித்துச் சொன்னேன்.
திருகாணி சுற்றியது.
டிரம் சுற்றவில்லை.

மூன்றாம் நாள் புளோ டார்ச்.
ஐஸ் உடைக்கிற பையன்கள்
குளிருக்குள்ளிருந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள்.
பெரிய சுத்தியலை எடுத்தேன்.
மரக்கட்டை வைத்து அடிக்கவேண்டும், தெரியும்.
கட்டை பிளந்தபிறகு
வேறு கட்டை தேடவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம்
அடியில் படுத்திருந்த ஷிபு கூப்பிட்டான்:
"அண்ணே, லிவரு கீழ கெடக்கு,
கேபிளு வெறச்சு நிக்குதே?"

உறைக்குள்ளேயே துரு கட்டி
கம்பி அங்கேயே கல்லாகியிருந்தது.
அவள் கை விட்டது பதினொரு வருஷம் முன்னால்.
சேதி சக்கரத்துக்கு
இன்னும் போய்ச் சேரவில்லை.

ஹாக்சா பிளேடு போதும். டங்.
ஒரு மயிரிழை நகர்ந்தது டிரம்.
பிறகு இரண்டு விரலால் இழுத்ததில் வந்தது,
வெட்கமே இல்லாமல்.
உள்ளே கைப்பிடி செந்தூள்,
காய்ந்த ஒரு குளவிக்கூடு,
எந்தச் சந்தால் நுழைந்ததோ.

கழற்றின டிரம்மைத் தட்டிப் பார்ப்பது என் வழக்கம்.
ஐஸ்கட்டி தூக்குகிற கொக்கியில் கயிறு போட்டு
முதலில் வலதைத் தொங்கவிட்டு
ஸ்பேனரால் ஒரு தட்டு:
ஷெட் முழுக்க நின்று கேட்டது.
இடது:
டொக்.
திங்கள் சந்தையில் சட்டி வாங்குகிறவர்கள்
சுண்டிப் பார்த்து ஒதுக்குகிற சத்தம்.

வெளிச்சத்தில் திருப்பினேன்.
விளிம்பிலிருந்து மூன்று விரற்கடை நீளம்.
விரிசலுக்குள் துரு இல்லை.
வெள்ளிபோல மினுங்கியது,
பழசு இப்படி மினுங்காது.

புளோரா வந்து பார்த்தாள்.
"உப்புக்காத்து செய்த வேலையா?"
ஆமென்று சொல்லியிருக்கலாம்.
இந்தக் கரையில் எந்தப் பழியையும்
உப்பு ஏற்றுக்கொள்ளும், மறுபேச்சே கிடையாது.
ஷிபு வேறுபக்கம் பார்த்தான்.

"இல்ல," என்றேன். "சுத்தியல்."

திருவனந்தபுரத்திலிருந்து வாங்குகிறவர்
ஞாயிறு காலையில் வருகிறார்.
லேண்ட்மாஸ்டர் டிரம்முக்கு நான்
கோயம்புத்தூர் வரைக்கும் போன் போடவேண்டும்.
இதெல்லாம் அவளும் கணக்கிட்டிருப்பாள்.
நோட்டைத் திருப்பி ஏதோ எழுதினாள்,
வரவுப் பக்கமா பற்றுப் பக்கமா
நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

மூடிவைத்த பிறகுதான் சொன்னாள்:
"நான் எறக்கித்தானே விட்டிருந்தேன்."